விலைபோகும் படத்தில் உங்கள் தனிப் பாணியை எங்கே வைப்பது?

கிளாமர் புகைப்படத்தில் விற்கும் படம் வேறு, மனத்துக்குப் பிடித்த படம் வேறு என்று பிரித்துக்கொள்பவர்கள் இரண்டையும் அரைமனத்தோடுதான் எடுக்கிறார்கள். வாடிக்கையாளர் எதற்காகப் பணம் தருகிறார் என்பதைத் துல்லியமாக அறிந்துகொண்டால், அவர் தலையிடாத இடம் எவ்வளவு பெரியது என்பதும் விளங்கிவிடும்.

ஆகவே படம் எங்கே, எந்த அளவில் வெளியாகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இதழின் அட்டை என்றால் தலைக்கு மேல் எழுத்துகளுக்கு இடம் விட வேண்டும். உதட்டுச்சாய விளம்பரம் என்றால் அதன் நிறம் சிறிதும் மாறக் கூடாது என்பதால் வண்ண விளக்குகளைத் தவிர்க்க வேண்டும். மாடல் எந்த அளவு உடல் வெளிப்பாட்டுக்கு உடன்படுகிறார் என்பதையும் அப்போதே பேசி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் பெறுங்கள். படப்பிடிப்பின் நடுவே கலையின் பெயரால் அந்த எல்லையைத் தளர்த்தச் சொல்வது எந்த நிலையிலும் தவறு.

உங்கள் பாணி குடியிருக்க வேண்டிய இடம் ஒளி என்பதே என் உறுதியான கருத்து. புகைப்படக் கலைஞர் ஜார்ஜ் ஹரல் 1930-இல் எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் திரைப்பட நிறுவனத்தில் சேர்ந்து எடுத்தவை முழுக்க முழுக்க நட்சத்திரங்களின் விளம்பரப் படங்களே. ஆயினும் கன்ன எலும்பைச் செதுக்கும் அந்தக் கூர்மையான ஒளியையும் அடர்ந்த நிழலையும் கண்டவுடன் அவருடைய கை தெரிந்துவிடும். வாடிக்கையாளர் மென்மையான சருமம் கேட்கிறாரா? விளக்கின் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் பெரிய சாஃப்ட்பாக்ஸை முகத்துக்கு அருகில், சற்று உயரத்தில் வையுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில், ஒளியை முகத்துக்கே திருப்பி அனுப்பும் வழக்கமான வெள்ளை ரிஃப்ளெக்டருக்குப் பதிலாகக் கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். சருமத்தின் மென்மை குறையாது. தாடைக்கோடு மட்டும் ஆழ்ந்து, முகத்துக்கு ஒரு கனம் வந்துவிடும். அட்டையை ஓரடி முன்னும் பின்னும் நகர்த்தி நிழலின் அளவை நீங்களே தீர்மானிக்கலாம்.

லென்ஸைப் பொறுத்தவரை, முழுச்சட்டகக் கேமராவில் (சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் அளவில் இருப்பது) 85 முதல் 135 மி.மீ. வரை முக அளவுகளை இயல்பாகக் காட்டும்.

எடுத்த படத்தைத் திருத்தி மெருகேற்றும் ரீடச்சிங்கைப் பற்றியும் முதலிலேயே உடன்பாடு வேண்டும். ஜெர்மானிய ஃபேஷன் புகைப்படக் கலைஞர் பீட்டர் லிண்ட்பெர்க் சருமத்தை வழவழப்பாக்க மறுத்தவர். இத்தாலிய டயர் நிறுவனமான பிரெல்லியின் 2017 நாட்காட்டிக்காக நடிகைகளை மிகக் குறைந்த ஒப்பனையுடனேயே எடுத்தார். அந்த அளவு சுதந்திரம் தொடக்கத்தில் கிடைக்காது. இருந்தாலும் தற்காலிகப் பருவை நீக்கி, மச்சத்தையும் சருமத்தின் நுண்துளைகளையும் விட்டுவைக்குமாறு எடுத்துரைக்கலாம், பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள்.

படப்பிடிப்பு நாளில் கேட்ட படங்களை முதலில் முடித்து, திரையில் காட்டி ஒப்புதல் பெற்றுவிடுங்கள். மீதமுள்ள நேரத்தில், மாடலின் சம்மதத்தோடு, உங்கள் விருப்பப்படி எடுத்து, அவற்றில் சிறந்த ஒன்றிரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். இவ்வாறு எடுத்தவற்றையே உங்கள் போர்ட்ஃபோலியோவின் முன்பக்கங்களில் வையுங்கள். அடுத்து வருபவர் அங்கே பார்த்ததைப் போன்ற படத்தைத்தான் கேட்பார்.