பழைய பிரிட்டிஷ் தங்க மோதிரத்தின் வயதை முத்திரையில் படிப்பது எப்படி?

பழைய நகை கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் தேடுவது, எந்த வருடம் முத்திரை குத்தியது என்று சொல்லும் வருட எழுத்தைத்தான். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த எழுத்தைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். எந்த ஊர் முத்திரை என்று தெரியாமல், எழுத்தின் வடிவத்தைப் பார்க்காமல் 'எஸ்' என்று மட்டும் படித்தால், அது விக்டோரியா காலமாகவும் இருக்கலாம், இரண்டாம் உலகப் போர்க் காலமாகவும் இருக்கலாம்.

பிரிட்டிஷ் நகையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வருடத்தையே நகையில் குத்தி வைக்கும் பழக்கம் லண்டனில் 1478-லேயே வந்துவிட்டது. பொற்கொல்லர் சங்கத்தின் ஹாலுக்கு நகையைக் கொண்டுபோய், மாற்றுப் பார்த்து, முத்திரை வாங்க வேண்டும். 'ஹால்மார்க்' என்ற சொல்லே அந்த ஹாலிலிருந்து வந்ததுதான்.

என்னிடம் உள்ள ஒரு கல் வைக்காத மோதிரத்தை வைத்தே சொல்கிறேன். உள்பக்கத்தில் வரிசையாக இரண்டு எழுத்து, ஒரு கிரீடம், 18 என்ற எண், ஒரு நங்கூரம், சின்ன 'எஸ்'. அரிசியில் பாதி அளவுகூட இல்லை ஒவ்வொன்றும்.

முதல் படி: தெளிவாகப் பார்ப்பது

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, நகையை அதன் அருகே கொண்டுவர வேண்டும். டார்ச் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், தேய்ந்த முத்திரையும் நிழல் விழுந்து எழும்பித் தெரியும்.

அழுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். முத்து, ஓபல் பதித்த நகையைத் தண்ணீரில் போடவே வேண்டாம். தயவுசெய்து பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். நூறு வருடம் தாங்கிய முத்திரை ஐந்து நிமிட பாலிஷில் மழுங்கிப்போகும்.

மோதிரத்தில் உள்வளையம், ப்ரூச்சில் (உடையில் குத்தும் நகை) பின்பக்கம் அல்லது ஊசி, தொங்கட்டானில் வளையம் என்று தேடுங்கள். ஆண்கள் கடிகாரத்துக்கு மாட்டிய பழைய சங்கிலிகளில் கண்ணிக்குக் கண்ணி முத்திரை இருக்கும்.

இரண்டாம் படி: மாற்று

நம்மூரில் 916 பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிது. எண்ணைப் பாருங்கள். தங்கத்தின் தரத்தைச் சொல்வதோடு அந்த எண் காலத்துக்கும் வேலி போட்டுவிடுகிறது.

இங்கிலாந்தில் 1798-ல் 18 கேரட் அனுமதிக்கப்பட்டது. 1854-ல் 15, 12, 9 என்ற மூன்று குறைந்த மாற்றுகள் வந்தன. 1932-ல் 15-ஐயும் 12-ஐயும் நிறுத்திவிட்டு 14-ஐக் கொண்டுவந்தார்கள். ஆகவே '15' என்றும் பக்கத்தில் '.625' என்றும் முத்திரை இருந்தால், வேறு எதையும் பார்க்கும் முன்பே அந்த நகை 1854-க்கும் 1932-க்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த முத்திரை இதுதான். அதேபோல '14' இருந்தால் 1932-க்கு முன்னால் போகவே முடியாது. 9 கேரட் மட்டும் 1854-லிருந்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் அது தனியாக அதிகம் உதவாது.

18-க்கும் 22-க்கும் பக்கத்தில் கிரீடம் வரும். 22 கேரட்டுக்குக் கிரீடம் வந்தது 1844-ல், அதற்கு முன் வெள்ளிக்குப் போடும் நடக்கும் சிங்கத்தையே அதற்கும் போட்டார்கள். 1975-லிருந்து கேரட் எண் போய் 375, 585, 750, 916 என்ற மூன்றிலக்க எண்கள் வந்தன. கிரீடத்தோடு 750 என்று கண்டால் "பாட்டி காலத்து மோதிரம்" என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. வெள்ளிச் சாமான்களில் கிரீடம் என்றால் ஷெஃபீல்டு ஊர் முத்திரை. தங்கத்தில் கிரீடம் ஊரைக் குறிக்காது, மாற்றைத்தான் குறிக்கும். ஷெஃபீல்டு 1904-ல் தங்கத்துக்கு முத்திரை குத்தத் தொடங்கியபோது ரோஜாவை எடுத்துக்கொண்டது.

மூன்றாம் படி: ஊர்

சிறுத்தைத் தலை என்றால் லண்டன் (1821 வரை அதன் தலையில் கிரீடம் உண்டு). மூன்று கோபுரக் கோட்டை என்றால் எடின்பரோ. மூன்று கோதுமைக் கட்டும் ஒரு வாளும் இருந்தால் செஸ்டர், அந்த முத்திரை நிலையம் 1962-ல் மூடப்பட்டது. மரம், மீன், மணி சேர்ந்திருந்தால் கிளாஸ்கோ, அது 1964-ல் மூடியது. மூடிய வருடமும் ஒரு வேலிதான்.

நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது? பர்மிங்ஹாமும் ஷெஃபீல்டும் 1773-ல் முத்திரை உரிமை கேட்டு லண்டன் போனபோது, 'கிரீடமும் நங்கூரமும்' என்ற விடுதியில் கூடிப் பேசினார்கள், அந்தப் பெயரையே பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அப்போது கிடைத்த உரிமை வெள்ளிக்கு மட்டும். பர்மிங்ஹாம் தங்கத்துக்கு முத்திரை குத்தத் தொடங்கியது 1824-ல்தான்.

நான்காம் படி: ராஜா, ராணி தலை இருக்கிறதா?

1784 முதல் 1890 வரை, வரி கட்டியதற்கு அடையாளமாக ஆளும் அரசர் அல்லது அரசியின் தலையைச் சேர்த்துக் குத்தினார்கள். வரிக்காகக் குத்திய தலை இருந்தால் நகை 1890-க்குப் பிந்தியது இல்லை. என் மோதிரத்தில் தலை இல்லை.

ஐந்தாம் படி: இப்போது எழுத்து

பர்மிங்ஹாமின் வருட எழுத்து அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் தனி அட்டவணை உண்டு, கலந்து பார்க்கக் கூடாது. 1900-ல் சின்ன 'ஏ'-யில் தொடங்கி, 'ஜே'-யை விட்டுவிட்டு, 1924-ல் சின்ன 'இசட்'டில் ஒரு சுற்று முடிகிறது. எண்ணிப் பாருங்கள், சின்ன 'எஸ்' 1917-ல் வரும். எழுத்தை ஜூலையில் மாற்றுவார்கள் என்பதால் 1917 நடுவிலிருந்து 1918 நடுவரை என்று கொள்ள வேண்டும். முதல் உலகப் போரின் நடுவே செய்த மோதிரம்.

இதற்கு முந்திய 1875 சுற்றும் சின்ன எழுத்துதான், ஆனால் பழைய பைபிள் அச்சுபோலக் கோணல் கோணலான கோதிக் எழுத்து. பெரிய 'எஸ்' இருந்திருந்தால் 1849, 1925, 1950 என மூன்று சுற்றுகளில் ஒன்று. அங்கேதான் ராணி தலை கைகொடுக்கும். அதன் பிறகும் சந்தேகம் நின்றால், எழுத்தைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தை அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். மூலை வெட்டியதா, அடி கூர்மையானதா என்பதுவரை பார்க்க வேண்டும். கிரீடம் தாங்கிய எண்ணோ நங்கூரமோ இங்கே உதவாது, கட்டம்தான் பேசும்.

1975 ஜனவரியிலிருந்து எல்லா ஊருக்கும் ஒரே எழுத்து. 1999-லிருந்து வருட எழுத்து கட்டாயமே இல்லை.

முதலில் சொன்ன இரண்டு எழுத்து, முத்திரைக்கு அனுப்பிய பட்டறையின் பெயர்ச் சுருக்கம். அந்தப் பட்டறை எந்த வருடங்களில் இயங்கியது என்று தெரிந்தால், வருட எழுத்தைச் சரிபார்க்க அது நல்ல சாட்சி.

ஆறாம் படி: நகை முத்திரையோடு ஒத்துப்போகிறதா?

மோதிரம் வெளியே நன்றாகத் தேய்ந்திருந்து, உள்ளே முத்திரை மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் நின்று யோசியுங்கள். முத்திரையைச் சுற்றி மெல்லிய கோடோ நிற மாற்றமோ தெரிந்தால், வேறு நகையிலிருந்து வெட்டிப் பற்றவைத்த துண்டாக இருக்கலாம். பாதியில் அறுபட்ட முத்திரைக்குப் பெரும்பாலும் எளிய காரணம்தான்: விரலுக்கு ஏற்ப யாரோ மோதிரத்தைச் சிறிதாக்கியிருப்பார்கள்.

தொங்கட்டானில் சவரன் காசு மாட்டியிருந்தால் காசில் உள்ள வருடத்தைத் தொங்கட்டானின் வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாம் 'சவரன்' என்று நகை எடை சொல்வதே இந்தக் காசின் பெயரால்தான். காசு 22 கேரட், 1817-லிருந்து வருவது. அதைச் சுற்றியுள்ள சட்டத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்கே '9', '.375' என்று தனி முத்திரை இருக்கலாம். அந்த முத்திரையில் உள்ள வருட எழுத்துதான் நகையின் வருடம்.

முத்திரையே இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். கல்யாண மோதிரத்துக்கு 1855-லிருந்து முத்திரை கட்டாயம். ஆனால் விக்டோரியா காலத்துச் சின்ன நகைகள் பலவற்றுக்கு விலக்கு இருந்தது. அப்படிப்பட்ட ப்ரூச்சுக்கு ஊசியின் நீளம், கொக்கியின் அமைப்பு, கல் வெட்டிய விதம் ஆகியவற்றை வைத்துத்தான் காலம் சொல்ல முடியும். ஊசி ப்ரூச்சின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டு, கொக்கி வெறும் வளைந்த கம்பியாக இருந்தால், அந்தக் காலத்துச் செய்முறையைத்தான் கையில் வைத்திருக்கிறீர்கள்.