முன் சக்கரப் பேரிங்: ஹப்பை ஏற்றும்போது நேரும் பிழையும் வேறு சிலவும்

பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் சென்ற மாதம் தம் காரின் முன் சக்கரப் பேரிங்கைத் தாமே மாற்றினார். மூன்றாம் வாரமே பழைய இரைச்சல் திரும்பி வந்துவிட்டது. அவர் செய்தது, 12 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு. காரை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் கை வைக்கக் கூடாது, காலிபரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே சொல்பவை, நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கி ஸ்டியரிங்கோடு திரும்பும் பாகம்) பேரிங்கை அழுத்திப் பொருத்தும் முன்சக்கர இயக்கக் கார்களுக்கு உரியவை.

பக்கம் மாறிக் கழற்றுவது

இரைச்சல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் காருக்குள் உட்கார்ந்தபடி காதால் மட்டும் தீர்மானிக்க முடியாது. ஆளில்லாத நேரான சாலையில் சீரான வேகத்தில் சென்று ஸ்டியரிங்கை மெல்ல இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பும்போது எடை வலச் சக்கரத்தின் மேல் சாய்வதால், அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்தான் போயிருக்கும்.

ஹப்பை ஏற்றும்போது நக்கிளைத் தாங்குவது

இந்த வேலையில் பிரஸ் எனும் அழுத்து இயந்திரத்தின் அடியில் இரண்டு முறை வைத்து அழுத்துகிறோம். முதலில் பேரிங் நக்கிளுக்குள் இறங்குகிறது. அடுத்து, சக்கரம் மாட்டப்படும் ஹப், பேரிங்குக்குள் இறங்குகிறது. முதல் முறையில் வெளி வளையத்தின் மேல் மட்டுமே விசை படவேண்டும் என்பதை அநேகமாக எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். பழைய பேரிங்கின் வெளி வளையத்தைச் சற்றுத் தேய்த்து, அதையே தள்ளுகட்டையாக வைத்து அழகாக இறக்கியும் விடுகிறார்கள். இரண்டாவது முறையில் நக்கிளை இரண்டு இரும்புக் கட்டைகளின் மேல் கிடத்தி, மேலிருந்து ஹப்பை அழுத்துகிறார்கள். பேரிங் பாழாவது இங்கேதான்.

ஹப் இறுக்கமாகத்தான் இறங்கும். அப்போது அது உள் வளையத்தையும் தன்னோடு கீழே இழுக்கிறது. உள் வளையம் குண்டுகளை அழுத்துகிறது. குண்டுகள் வெளி வளையத்தை அழுத்துகின்றன. வெளி வளையமோ நக்கிளில் அசையாமல் நிற்கிறது. டன் கணக்கான விசை முழுவதும் குண்டுகள் தொடும் சின்னஞ்சிறு புள்ளிகளின் வழியே போவதால், அவை உருளும் ஓடுதளத்தில் குழிகள் விழுகின்றன. கையால் சுற்றிப் பார்த்தால் எதுவும் தெரியாது. புதுப் பேரிங் வழுவழுப்பாகவே சுழலும். என்னுடையதும் அப்படித்தான் சுழன்றது. ஒரு மாதம் கழித்து, மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் இரைச்சல் தொடங்கியது. பேரிங் மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். பிறகு அதை அறுத்துத் திறந்து விளக்கடியில் பிடித்தபோது, ஓடுதளத்தில் குண்டுக்கு ஒன்றாகச் சம இடைவெளியில் பளபளக்கும் புள்ளிகள் தெரிந்தன; நகத்தால் வருடினால் ஒவ்வொன்றிலும் நகம் தட்டியது. அந்தக் கடைக்காரர் மேல் எந்தத் தவறும் இல்லை.

இதற்கான மாற்று மிக எளியது. உள் வளையத்தின் விளிம்பில் சரியாக உட்காரும் ஒரு குழாய்த் துண்டைப் பேரிங்கின் மறுபக்கத்தில் அடியில் வைத்து, நக்கிளை எதன் மேலும் தாங்காமல் அந்தக் குழாயின் மேலேயே நிறுத்துங்கள். விசை ஹப்பிலிருந்து உள் வளையத்துக்கும் அதிலிருந்து குழாய்க்கும் போய்விடும். குண்டுகளுக்கு வேலையே இராது. குழாயின் உள் விட்டம், ஹப்பின் முனை வெளியே வந்தாலும் இடிக்காத அளவுக்கு இருக்க வேண்டும். லேத் பட்டறையில் கொடுத்துப் பிரஸ் செய்பவர்களும் அருகில் நின்று, அடியில் எது எதைத் தாங்குகிறது என்று பார்த்த பிறகே கைப்பிடியை அழுத்தச் சொல்லுங்கள். அவசரத்தில் இருக்கும் பட்டறைக்காரர், கிடைத்த இரும்புக் கட்டையின் மேல் வைத்து அழுத்திவிட்டால், இரண்டு நிமிடம் மிச்சம். ஆனால் பேரிங், நட்டு, ஒரு நாள் உழைப்பு எல்லாம் உங்கள் நட்டம். இதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு இன்றும் எரிச்சல் மூள்கிறது.

சர்க்கிளிப்பை மறப்பது

நக்கிளுக்குள் பேரிங் நகராமல் பிடித்திருக்கும் வளையம்தான் சர்க்கிளிப். ஹப்பை ஏற்றிய பிறகு அது நினைவுக்கு வந்தால், ஹப்பைப் பிரிப்பதில் பேரிங் பாழாகிவிடும் என்பதால், இன்னொரு புதிய பேரிங் வாங்க வேண்டியதுதான்.

காந்த முகத்தை மாற்றி வைப்பது

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். அது சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு காகித கிளிப்பை அருகே கொண்டுபோனால் எந்த முகம் என்று தெரிந்துவிடும்.

பழைய உள் வளையத்தை முழுதாக அறுப்பது

ஹப்பைப் பிரித்தெடுக்கும்போது உள் வளையத்தில் பாதி அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கிரைண்டரால் அடிவரை அறுக்காமல், முக்கால் ஆழத்தில் நிறுத்தி, அந்தக் கீறலில் உளியை வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் வளையம் வெடித்துவிடும். ஹப்பில் கிரைண்டரின் வெட்டு ஆழமாக விழுந்துவிட்டால் ஹப்பையும் மாற்றுங்கள்.

ஆக்சில் நட்டை இறுக்காமல் காரை இறக்குவது

இவ்வகைப் பேரிங்கின் உள் வளையம் இரண்டு துண்டுகளாக இருக்கும். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த நட்டுதான். அதைக் கையால் திருகிவிட்டு, மற்றதைத் தரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காரை இறக்கி உருட்டினால், எடை முழுவதும் தளர்ந்த வளையங்களின் மேல் விழும். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, சக்கரம் தரையைத் தொடும் முன்பே உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். நட்டு புதியதாக இருக்க வேண்டும்.

ஸ்ட்ரட் போல்ட்டை அடையாளமிடாமல் கழற்றுவது

கழற்றும் முன் நக்கிளும் ஸ்ட்ரட்டும் (ஷாக் அப்சார்பர் உள்ள தூண்) சேரும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். மாட்டும்போது கோட்டுக்குக் கோடு சேர்த்தால், வீல் அலைன்மென்ட் செய்யும் இடம் வரை கார் ஒரு பக்கமாக இழுக்காமல் போய்ச் சேரும்.