இழப்பீட்டு வழக்கு நடக்கும்போதே மனுதாரர் இறந்துவிட்டால்

விழுப்புரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுவதால் எங்கள் அலமாரியில் எம்.சி.ஓ.பி. (சாலை விபத்து இழப்பீட்டு மனு) வழக்குக் கட்டுகளுக்குக் குறைவே கிடையாது. விபத்தில் அடிபட்டு இழப்பீடு கேட்டவர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோவதும் அவ்வப்போது நடக்கும். வீட்டார் காரியமெல்லாம் முடித்துவிட்டு, மாதக்கணக்கில் கழித்து "கேஸ் என்னாச்சு சார்?" என்று வருவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதல் வாரத்திலேயே வக்கீலுக்கு ஒரு போன் போடுங்கள். இறந்தவர் பெயரில் வழக்கு நகராது. வாரிசுகள் புதிதாக வக்காலத்து கொடுத்து, தங்களைச் சேர்க்கச் சொல்லி மனுப் போட வேண்டும்.

நாங்கள் முதலில் கேட்பது, எதனால் இறந்தார் என்பது. அடிபட்ட காயத்தாலேயே இறந்திருந்தால் மனுவைத் திருத்தி, மரணத்துக்கான இழப்பீடாகக் கேட்கலாம். தொகை பெரிதும் மாறும். ஆனால் காயத்துக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பை நாம்தான் காட்ட வேண்டும். ஒரு கொத்தனார், தொடை எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகி, மாதங்கள் கழித்து வீட்டிலேயே இறந்தார். போஸ்ட்மார்ட்டம் செய்யாமல் எரித்துவிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதையேதான் பிடித்துக்கொண்டார். படுக்கைப் புண், சீழ், மறுபடி அட்மிஷன் என்று டிஸ்சார்ஜ் சம்மரிகள் வரிசையாக இருந்ததால், டாக்டரைச் சாட்சியாக விசாரித்து ஒருவழியாகச் சமாளித்தோம். எனவே இப்படி ஒருவர் வீட்டில் இறந்தால், உடலை எடுப்பதற்கு முன், போஸ்ட்மார்ட்டத்துக்காக விபத்து வழக்குப் பதிவான காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். துக்க வீட்டில் கேட்கக் கஷ்டமான பேச்சுதான். வேறு வழியில்லை.

மாரடைப்பு போல வேறு காரணத்தால் இறந்தாலும் வழக்குக் கட்டை மூடிவிட வேண்டியதில்லை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 306-ஆவது பிரிவைக் காட்டி, காயத்துக்கான உரிமை ஆளோடு போய்விட்டது என்று எதிர்த்தரப்பில் சொல்வார்கள். ஆனால் வைத்தியச் செலவு, வருமான இழப்பு போன்றவை இறந்தவரின் சொத்துக்கு ஏற்பட்ட நட்டம், வாரிசுகள் அதைத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. 1-4-2022 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(5) பிரிவும் நடைமுறைக்கு வந்துவிட்டது: சாவுக்கும் காயத்துக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும் உரிமை வாரிசுகளுக்கு வரும். ஆக, மருந்துச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

காகிதங்கள் அதிகமில்லை. இறப்புச் சான்றிதழ், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்கும் வாரிசுச் சான்றிதழ், எல்லோருடைய ஆதார். பெயரும் இனிஷியலும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கட்டும்.

தகராறு வருவது ஆட்கள் விஷயத்தில்தான். கட்டிக்கொடுத்த மகளையும், தனியாக இருக்கும் தாயையும் விட்டுவிடப் பார்ப்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். தகப்பன் அதில் வரமாட்டார். ஆனால் மகன் சம்பாத்தியத்தை நம்பி இருந்தவர் என்றால் அவரையும் மனுதாரராகச் சேர்ப்போம். ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் எதிர்மனுதாரராகப் போட்டுவிடலாம். மைனர் பிள்ளைகளுக்குத் தாயைக் கார்டியனாகக் காட்ட வேண்டும். அவர்கள் பங்கு பெரும்பாலும் வயது வரும்வரை வங்கி டெபாசிட்டில் கிடக்கும்.

சிவில் வழக்குகளில் வாரிசுகளைச் சேர்க்க இறந்த நாளிலிருந்து 90 நாள் கெடு. தவறினால் வழக்கு அற்றுப்போகும். அதை ரத்து செய்யக் கேட்க இன்னொரு 60 நாள். அதையும் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு. இழப்பீட்டு வழக்கிலும் நாங்கள் இந்த 90 நாளையே கணக்கில் வைத்து ஓடுவோம்.

மோதிய வண்டியின் சொந்தக்காரர் இறந்துபோனால்? இன்சூரன்ஸ் இருந்தால் பெரிய கவலை இல்லை; அவர் செத்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு போகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 155-ஆவது பிரிவு சொல்கிறது. இன்சூரன்ஸ் காலாவதியான வண்டி என்றால் அவர் வாரிசுகளைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அவர்களும் தங்கள் கைக்கு வந்த அவர் சொத்து அளவுக்குத்தான் கட்டுவார்கள். அதனால் அவர் பெயரில் வீடு, நிலம் ஏதாவது இருக்கிறதா என்று முதலிலேயே வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுவோம்.