மடத்தில் பாய் விரித்துப் படுக்கப் போகிறவர்களுக்கு

கொழும்பில் நிலத்தில் படுக்கிறது என்றால், கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ ஆட்கள் நிறைந்த வீட்டில் செய்யும் ஏற்பாடு. கட்டில் வந்தவருக்கு, பாய் வீட்டுக்காரருக்கு. இந்தக் கணக்கில் பழகியவர்கள் திருக்கேதீச்சரத்திலோ கதிர்காமத்திலோ மடத்தில் பாயைச் சுருட்டிக் கையில் தந்ததும் முகம் சுருங்குகிறார்கள். மடத்தில் யாருக்கும் கட்டில் இல்லை, ஆகவே குறை நினைக்க ஒன்றுமில்லை. மறுபக்கம், “எங்கட ஆட்கள் காலங்காலமாப் பாயிலதானே படுத்தவை” என்று வெறும் பாயோடு கிளம்புகிற வீரர்களும் உண்டு. அவர்கள் விடிய இரண்டு மணிக்கு எழும்பி உட்கார்ந்திருப்பார்கள். மெத்தையில் வளர்ந்த இடுப்பெலும்புக்குப் பரம்பரை தெரியாது.

முதலில் அடிவிரிப்பு. சீமெந்து, டைல் நிலத்தில் இரண்டு தொல்லை: கடினம், ஈரம். ஈரம் என்றால் கூரை ஒழுக்கு அல்ல. உடம்பிலிருந்து வரும் வியர்வை ஆவி மெத்தையூடாக இறங்கி, குளிர்ந்த நிலத்தில் பட்டுத் தண்ணீராகிவிடும். கொழும்புக் காற்றே ஈரம் கனத்தது. ஒரே இடத்தில் நாலைந்து நாள் விரித்தபடி விட்ட மெத்தையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஆகவே அடியில் பிளாஸ்டிக் பாய், அதன்மேல் இரண்டாக மடித்த தடித்த பருத்தி விரிப்பு, அதன்மேல் பன்புல்லில் இழைத்த பன்பாய், கடைசியாகப் பருத்திப் பெட்ஷீட். பன்பாய் மேலே இருந்தால் முதுகுக்குக் கீழே கொஞ்சம் காற்றோடும். பிளாஸ்டிக் பாயை மேலே போட்டால் வியர்வையில் ஒட்டும். பன்பாய், பிளாஸ்டிக் பாய் இரண்டுமே புறக்கோட்டையில் கிடைக்கும். வாங்கும்போது ஆளுக்கு ஆறடி நீளம், மூன்றடி அகலம் என்று பாருங்கள்.

மெத்தை கொண்டுபோக வாகனம் இருந்தால், மென்மையான மூன்று அங்குலப் பஞ்சைவிட இறுக்கமான இரண்டு அங்குலப் பஞ்சு நல்லது. கடையிலேயே முழங்கையை ஊன்றிப் பாருங்கள். முழங்கை நிலத்தைத் தொட்டால் இடுப்பும் தொடும், அதற்கு நீங்கள் கொடுத்த காசு வீண்.

தலையணையில்தான் அதிகம் பேர் பிழைவிடுகிறார்கள். மெத்தையில் சரிந்து படுத்தால் தோள் அமிழ்ந்துவிடும், நிலத்தில் அமிழாது. எனவே சரிந்து படுப்பவருக்கு வீட்டைவிட உயரமான தலையணை வேண்டும். காதுக்கும் பாய்க்கும் இடையே தோளின் அகலம் முழுவதும் நிரம்ப வேண்டும், இல்லாவிட்டால் காலையில் கழுத்துத் திரும்பாது. முழங்கால்களுக்கு நடுவே மடித்த துவாய் ஒன்று வைத்தால் இடுப்பு முறுகாது. மல்லாந்து படுப்பவருக்கு நேர்மாறு: தலைக்கு மெல்லிய தலையணை, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாய். நாரி வலியில் பாதி அந்தத் துவாயிலேயே போய்விடும். குப்புறப் படுக்கிறவர்கள் பயணத்துக்கு முன்பே அந்தப் பழக்கத்தை விடப் பாருங்கள், நிலம் அதற்கு இடங்கொடாது. பழகாத உடம்பு முதல் இரண்டு இரவு நோகத்தான் செய்யும். அந்த இரண்டு இரவையும் வெள்ளவத்தை வீட்டு விறாந்தையிலேயே கழித்துவிட்டுப் புறப்படுவது புத்தி.

இடம் பிடிப்பதில், சுவரோரம் வேண்டாம். எறும்பு, கரப்பான், பூரான் எல்லாம் சுவரை அணைத்தே ஓடும். ஒரு முழமாவது தள்ளி விரியுங்கள். வாசலுக்கும் குளியலறைக்கும் போகிற வழியை விடுங்கள். படுத்திருப்பவரைத் தாண்டிப் போவது நம்மவரிடையே மரியாதைக்கேடு, இருட்டில் மிதியும் விழும். கால் சுவாமி படத்தின் பக்கம் வேண்டாம். தலை வடக்கே வைத்தால் பக்கத்துப் பாய் ஆச்சி சொல்லித் திருத்துவார், முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

நுளம்பு வலையை நுளம்புக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். டெங்கு நுளம்பு கடிப்பது பெரும்பாலும் பகலில், காலையிலும் மாலைப் பொழுதிலும். ஆகவே மத்தியானம் பாயில் சாய்ந்தாலும் வலை வேண்டும். மன்னார், வவுனியா, கதிர்காமம் போன்ற வரண்ட பக்கங்களில் இன்னொரு காரணமும் உண்டு. கட்டுவிரியன் இரவில் திரிகிற பாம்பு. நிலத்தில் நித்திரையாக இருப்பவரையே பெரும்பாலும் அது கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இராது. கடிபட்டதே தெரியாமல் சிலர் விடிய வயிற்றுவலியோடு எழும்புவார்கள், பிறகு கண்ணிமை தொங்கும், விழுங்க முடியாது. நிலத்தில் படுத்தவருக்கு இப்படி வந்தால் அஜீரணம் என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸை அழைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வலையின் விளிம்பை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் பாம்பு உள்ளே வருவது அரிது. வெறுமனே தொங்கவிட்ட வலை பாதி வேலைதான் செய்யும். ரோச் லைற் வலைக்குள்ளே, கைக்கெட்டும் தூரத்தில். வெளியில் விட்ட செருப்பைத் தட்டிப் பார்த்துப் போடுங்கள்.

சிவனொளிபாத மலைப் பருவத்தில் நல்லதண்ணிப் பக்கம் தங்குகிறவர்களுக்குக் கணக்கு மாறும். அந்த மலைக் குளிரில் சீமெந்து நிலம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். மூன்று போர்வை இருந்தால் இரண்டைக் கீழே போடுங்கள், ஒன்றைப் போர்த்துங்கள். கொழும்புக்காரர் மூன்றையும் மேலே போர்த்திக்கொண்டு நடுங்குவது வழக்கம். ஒரு கார்ட்போட் பெட்டியைப் பிரித்து அடியில் விரித்தால் போர்வைக்குச் சமம்.

முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், இரவில் பலமுறை எழும்புகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி ஒரு கட்டிலோ நீள வாங்கோ கேட்டுவிடுங்கள், இதில் வெட்கத்துக்கு இடமில்லை. மற்ற வயதானவர்கள் நேரே எழும்பவேண்டாம். முதலில் ஒரு பக்கம் சரிந்து, கையை ஊன்றி, முழங்காலில் நின்று, ஒரு காலை முன்வைத்து, பக்கத்திலுள்ள கதிரையைப் பிடித்து எழும்புங்கள். படுக்கப் போகும்போதே அந்தக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

யப்பானுக்குப் போய் ரியோக்கான் என்ற பழையபாணி விடுதியில் தங்குகிறவர்களுக்கும் இதே உடம்புதான், ஆனால் நிலம் வேறு. தத்தாமி என்பது ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர் தடிப்பில், மேலே கோரை நெய்த விரிப்பு. நம் பன்பாய்க்குத் தூரத்துச் சொந்தம். அதில் செருப்போடு ஏறக்கூடாது, சூட்கேஸைச் சில்லில் உருட்டக்கூடாது, தூக்கித்தான் வைக்கவேண்டும். படுக்கையை மாலையில்தான் விரிப்பார்கள், பகலில் அறையில் ஒன்றும் இல்லையே என்று பதறவேண்டாம். மெல்லியதாகப் பட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மெத்தை கேட்கலாம்.

காலையில் எழும்பியதும் விரிப்பைச் சுருட்டிவிடாமல் முதலில் கொடியிலோ கதிரை முதுகிலோ போட்டு அரை மணி நேரமாவது காயவிடுங்கள். பாயை வெளியே உதறி, நிழலில் சாய்த்து வைத்து, ஈரம் போனபிறகு சுருட்டுங்கள். பன்பாயை மடிக்கக்கூடாது, மடித்த இடத்தில் நார் முறிந்து அடுத்த மழைக்குள் கிழிந்துவிடும். மடத்துப் பாயானால் எடுத்த மூலையிலேயே நிமிர்த்தி வையுங்கள், மத்தியானம் அடுத்த பஸ்ஸில் வருகிறவர் அங்கேதான் தேடுவார்.