கிரானைட்டில் வழுக்கிய பிளேடு

மேலூர் வீட்டுச் சமையல் மேடைக்கு வாங்கிய கருப்பு கிரானைட்டில் தொட்டிக்கான ஓட்டையை நானே வெட்டிவிடலாம் என்று நான்கு அங்குல கிரைண்டரை எடுத்தேன். அதில் இருந்தது, போன மாதம் செங்கல் சுவரில் குழாய்க்குக் காடி எடுத்த வைர பிளேடு. ஒரு சாண் தூரம் ஒழுங்காகப் போனது. பிறகு பொறி மட்டும் பறந்தது. அழுத்திப் பார்த்தேன், விளிம்பு நீலம் பாய்ந்ததுதான் மிச்சம்.

பக்கத்து மனையில் வேலை பார்த்த கொத்தனார், ஆறிய பிளேடைத் தடவிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி மழுங்கிவிட்டது தம்பி. கல் கெட்டி என்றால் பிளேடு இளக்கமாக இருக்க வேண்டும்" என்றார்.

எனக்கு அது தலைகீழாகப் பட்டது. உண்மையில் வெட்டுவது எஃகு அல்ல, விளிம்பில் பதித்த வைரத் துகள்கள். அவற்றைப் பிடித்திருக்கும் உலோகக் கலவை தேய்ந்தால்தான் அடுத்த துகள் தலைகாட்டும். செங்கல்லும் புதுக் கான்கிரீட்டும் மணலாக உதிர்ந்து அந்தக் கலவையை அரித்துவிடும். அதனால் அவற்றுக்குக் கெட்டிக் கலவை. கிரானைட் அப்படி அரிப்பதில்லை, அதற்கு மென்கலவை.

மழுங்கிய பிளேடைப் பழைய செங்கல்லில் நாலைந்து முறை ஓட்டியதும் சொரசொரப்பு திரும்பியது. அது இனி செங்கல்லுக்கு மட்டும். "எல்லாவற்றுக்கும் ஆகும்" என்று கடைக்காரர் நீட்டியதை மறுத்து, கிரானைட்டுக்கென்றே உள்ள, தண்ணீர் இல்லாமல் வெட்டும் பிளேடை வாங்கினேன். மின் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றும் துணிச்சல் எனக்கு இல்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழமாகப் பலமுறை ஓட்டினேன். இடையிடையே காற்றில் சுழலவிட்டு ஆறவைத்தேன். மாலைக்குள் தொட்டி உட்கார்ந்துவிட்டது.