நெட்வொர்க் படிக்க எங்கே தொடங்குவது? முதலில் ஒயர்ஷார்க்

நெட்வொர்க் படிக்க உட்காரும் பலர் நெட்வொர்க் வேலையைப் பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்வதிலேயே சலித்துவிடுகிறார்கள். உங்கள் கணினியிலிருந்து கிளம்பும் பாக்கெட்டை (தரவின் சிறு துண்டை) முதலில் கண்ணால் பாருங்கள். பாடத்தை அப்புறம் படிக்கலாம்.

1. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் ஒயர்ஷார்க் என்ற மென்பொருளை நிறுவுங்கள். இலவசம்தான். விண்டோஸில், பாக்கெட்டுகளைப் பிடிக்கும் துணை மென்பொருளான என்பிகேப்பையும் சேர்த்து நிறுவ வேண்டும். அது இல்லாமல் எதுவும் பிடிபடாது.

2. திறந்ததும் வரும் பட்டியலில் எந்த இணைப்புக்குப் பக்கத்தில் கோடு ஏறி இறங்குகிறதோ, அதை இருமுறை கிளிக் செய்யுங்கள்.

3. மேலே உள்ள ஃபில்டர் பெட்டியில் 'டிசிபி.போர்ட் == 80' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள் (80 என்பது எச்டிடிபி வலைப்பக்கங்களுக்கான போர்ட் எண்). பிறகு கமாண்ட் ப்ராம்ப்டில், வலைப்பக்கத்தைக் கேட்டு வாங்கும் கட்டளையான 'கர்ல் எச்டிடிபி://எக்ஸாம்பிள்.காம்' கொடுங்கள். பிரவுசர் வேண்டாம், அது தானாகவே மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தாவக்கூடும். பவர்ஷெல்லும் வேண்டாம். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் கர்ல் என்ற பெயர் வேறொரு கட்டளையைக் குறிக்கும்.

4. சின் (இணையலாமா?), சின்-ஆக் (சரி, நானும் இணையலாமா?), ஆக் (சரி) என்று மூன்று வரிகள் வரும். தரவு விடுபடாமல் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி விதிமுறையில் இணைப்பு உருவாவது இப்படித்தான். முதல் வரியைக் கிளிக் செய்தால், ஈதர்நெட், ஐபி, டிசிபி என்று அடுக்குகள் கீழே விரியும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஐபி பகுதியில் சேருமிடம் தொலைவில் இருக்கும் சர்வரின் முகவரி. ஈதர்நெட் பகுதியிலோ, சேருமிட மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் வன்பொருள் முகவரி) உங்கள் வீட்டு ரவுட்டருடையது! சந்தேகமிருந்தால், எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்று பட்டியலிடும் 'ஏஆர்பி -ஏ' கட்டளையைக் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மேக் முகவரி அடுத்த நிறுத்தம் வரைக்கும்தான். ரவுட்டர் அந்த ஈதர்நெட் உறையைப் பிரித்து, அடுத்த இணைப்புக்கு ஏற்ற புது உறையில் பாக்கெட்டைப் போட்டு அனுப்புகிறது. சேருமிட ஐபி முகவரி கடைசிவரை மாறாது. இரண்டாம் அடுக்குக்கும் (ஈதர்நெட்) மூன்றாம் அடுக்குக்கும் (ஐபி) உள்ள வித்தியாசம் இதுதான். இது புரியாமல் ரவுட்டிங் (பாக்கெட்டுக்கு வழி தேர்ந்தெடுப்பது) பாடத்துக்குள் போகாதீர்கள்.

5. இதற்குப் பிறகு, ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 1180-ஐப் படியுங்கள். 1991-ல் வந்த 28 பக்க டிசிபி/ஐபி அறிமுகம், இணையத்தில் இலவசம். ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பியும் ரவுட்டிங்கும் சேர்ந்து இயங்குவதை இவ்வளவு நிதானமாகச் சொல்லும் ஆவணம் அபூர்வம். அதிலுள்ள ஏ, பி, சி முகவரி வகுப்புகளை மட்டும் தாண்டிவிடுங்கள். 1993-ல் வகுப்புகள் இல்லாமல் முகவரிகளைப் பிரிக்கும் சிடர் முறை வந்தபின் அந்த வகுப்பு முறை காலாவதி. ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம்.

சிக்னல், மாடுலேஷன் (தரவைச் சிக்னலில் ஏற்றுவது) போன்றவற்றுக்கு என்பிடெல் என்ற இலவச விரிவுரைத் தளத்தில் ஐஐடி கரக்பூரின் டேட்டா கம்யூனிகேஷன் விரிவுரைகள் உள்ளன. நெட்வொர்க்கைக் கணினியில் போலியாக அமைத்துப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் நல்ல கருவிதான். ஆனால் நிஜ பாக்கெட்டைப் பார்த்த பிறகே அந்தப் பக்கம் போங்கள்.

பின்சேர்க்கை: ஏஆர்பி பட்டியலில் ரவுட்டர் இருந்தும், பாக்கெட்டில் நீளமான ஐபி முகவரி வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உங்கள் இணைப்பு ஐபிவி6-ல், அதாவது நீளமான முகவரிகள் கொண்ட புதிய ஐபி பதிப்பில் போகிறது. பழைய ஐபிவி4-ல் போகச் சொல்ல, கர்லுக்குப் பிறகு '-4' சேர்த்துக் கொடுங்கள்.