ஃபோனிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் முன் ஒரு புள்ளி வையுங்கள்

எல்கேஜி போகும் என் மகள் ஒரு நாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று பாம்பு மாதிரி சீறினாள். பக்கத்தில் இருந்த பாட்டி, "அது எஸ்ஸுடி கண்ணு" என்று திருத்தினார். "இல்ல பாட்டி, மிஸ் ஸ்ஸ்ஸ்னுதான் சொன்னாங்க" என்று இவள் விடவில்லை. பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

இருவர் சொன்னதும் சரிதான். எஸ் என்பது எழுத்தின் பெயர், ஸ்ஸ் என்பது அதன் ஒலி. வாசிப்பதற்குப் பெயர் உதவாது. ஸீ, ஏ, டீ என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'ஸீயேட்டீ' வருமே தவிர, பூனை வராது. எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டிச் சொல்லைப் பிடிப்பதுதான் ஃபோனிக்ஸ். ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்தே ஆங்கிலம் படித்த நமக்கு இது புது வித்தையாகத் தெரிகிறது. ஆனால் க் + அ = க என்று பள்ளியில் நாம் சொன்னதும் இதே கணக்குதான்.

படி 1: முதலில் காது

அட்டை, புத்தகம் எதுவும் வேண்டாம். தமிழிலேயே ஆரம்பியுங்கள். "ப்... ஆ... ல் கொண்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை முதலில் விழிக்கும், பிறகு சிரித்துக்கொண்டே பால் டம்ளரைக் காட்டும். மீன், கால், தேன், வாய் என்று ஓரசைச் சொற்கள் நம்மிடம் ஏராளம். பிறகு தலைகீழாக: "மீன்ல என்னென்ன சத்தம் இருக்கு?" என்று கேளுங்கள். ம், ஈ, ன் என்று மூன்றையும் பிரித்துச் சொல்லிவிட்டால் எழுத்துக்குப் போகலாம்.

படி 2: ஆறே ஆறு எழுத்து

ஏ முதல் இஸட் வரை வரிசையாகப் போக வேண்டாம். எஸ், ஏ, டீ, பீ, ஐ, என். இந்த ஆறை வைத்தே ஸிட், பின், டின், டிப், வாணலிக்கான பேன் என்று நிறையச் சொற்கள் கட்டலாம். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு அந்த அரசு 2007-ல் தந்த வழிகாட்டியும் இந்த எழுத்துகளில்தான் தொடங்குகிறது. சிறிய எழுத்து வடிவங்களையே காட்டுங்கள், கதைப் புத்தகத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் அவைதான்.

படி 3: புள்ளி

பெற்றோர் அதிகம் தவறுவது இங்கேதான். பீயின் ஒலி ப் மட்டுமே, ப இல்லை, பு இல்லை. என் அண்ணன் மகனுக்கு யாரோ 'ட, இ, ன' என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்றையும் சேர்க்கச் சொன்னேன். "டஇன... டைனா... டைனோசரா அத்தை?" என்றான். அவன் மேல் தப்பில்லை. மெய்யில் ஒட்டிக்கொண்ட அகரம் டின்னை டைனோசர் ஆக்கிவிட்டது.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நமக்குப் புள்ளி இருக்கிறது. உங்கள் குறிப்பு நோட்டில் ஸ், ட், ப், ன் என்று புள்ளியோடு எழுதி வைத்துக்கொண்டு அதையே உச்சரியுங்கள். ப், ட், ஸ் மூன்றையும் சொல்லும்போது தொண்டையில் கை வைத்துப் பாருங்கள். அதிர்ந்தால் உயிரெழுத்து ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

வாலிலும் ஒரு ஆபத்து உண்டு. நாம் பஸ்ஸை பஸ்ஸு என்போம், கப்பைக் கப்பு என்போம். அந்த உகரம் 'பின்னு', 'டின்னு' என்று வாசிப்பிலும் வந்து நிற்கும். சொல் முடியும் இடத்தில் கையைப் பட்டென்று மூடிக் காட்டினால் என் மகள் நிறுத்திக்கொள்கிறாள்.

ஏ எழுத்தின் ஒலிக்கு மட்டும் தமிழில் எழுத்தே இல்லை. தண்ணீர்க் குழாயும் டேப், ஒட்டுகிற நாடாவும் டேப் என்றுதான் நாம் எழுதுகிறோம், சொல்வதும் அப்படித்தான். குழாய்க்கு வாயை நன்றாக அகலத் திறந்து, குறுக்கிச் சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று இருவரும் சேர்ந்து சொல்லிப் பாருங்கள்.

படி 4: கூட்டுதல்

ஸ், ன், ம் போல இழுக்கக்கூடிய ஒலியில் தொடங்கும் சொல்லை முதலில் எடுங்கள். ப், ட் இரண்டையும் இழுக்க முடியாது, அவை கடைசியில் வரட்டும். எழுத்துகளுக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே, நடுவில் மூச்சை விடாமல் "ஸ்ஸ்ஸ்இஇஇட்". பிறகு அதையே வேகமாக. படம் இருந்தால் கையால் மறையுங்கள், இல்லாவிட்டால் படத்தைப் பார்த்து ஊகித்துவிடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

படி 5: புளியங்கொட்டை

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். நீங்கள் ஒரு சொல்லைச் சொல்ல, குழந்தை ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கொட்டையைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். சோவியத் உளவியலாளர் எல்கோனின் பழக்கிய முறை இது. அவர் புளியங்கொட்டை வைத்திருக்க மாட்டார், நம் வீட்டில் கிடைப்பது அது. கப்பலுக்கான 'ஷிப்' என்ற சொல்லுக்கு நான்கு எழுத்து, ஆனால் மூன்று கொட்டைதான் விழும். அங்கேதான் அடுத்த பாடம் தொடங்குகிறது.

படி 6: இரண்டு எழுத்து, ஒரே ஒலி

ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகள் ஏறக்குறைய 44. அதனால் எஸ்ஸும் ஹெச்சும் கைகோத்து ஷ் ஆகின்றன. கடைசியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் கிட், கைட் ஆகிறது. இதெல்லாம் யூகேஜி, ஒன்றாம் வகுப்பு வரை மெதுவாக வரும், அவசரம் வேண்டாம். 'இருந்தது' என்பதற்கான 'வாஸ்', 'சொன்னான்' என்பதற்கான 'செட்' போன்ற முரண்டு பிடிக்கும் சொற்களை முழுதாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 'செட்' என்பதில் தலையும் வாலும் ஒழுங்காகவே ஒலிக்கின்றன. நடுவில் இருக்கும் ஏ, ஐ மட்டும்தான் குறும்பு.

உண்மையில் வாசிக்கிறதா, ஞாபகத்தில் ஒப்பிக்கிறதா என்று பார்க்க, பொருளே இல்லாத சொல் ஒன்றைக் கொடுங்கள்: 'நிஸ்' (என், ஐ, எஸ்), 'டேஸ்' (டீ, ஏ, எஸ்). இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் சோதனையில் 40 சொற்களில் 20 இப்படிப்பட்டவை. குழம்பாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு விநோதப் பிராணியின் படமும் போட்டிருப்பார்கள்.

ஆனால் ஒலி வந்துவிட்டால் வாசிப்பு வந்துவிடாது. 1986-ல் காஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்வது மறுபக்கம். எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். ஆகவே 'பின்' என்று வாசித்ததும் ஊக்கைக் கையில் கொடுங்கள், 'ஸிட்' என்றால் உட்காரச் சொல்லுங்கள், 'டின்' என்றால் அடுக்களையில் போய்த் தட்டிவிட்டு வரட்டும்.

பாட்டியின் எஸ்ஸையும் தூக்கிப்போட வேண்டாம். ஸ்பெல்லிங் சொல்ல எழுத்தின் பெயர் தேவைப்படும். ஒலிகள் நிலைத்த பிறகு அதைச் சொல்லித்தரும் பொறுப்பைப் பாட்டியிடமே விட்டிருக்கிறேன்.